டிராஃப்ட் லீக்ல முதல் தடவை, எட்டுப் பேர் ஆடறோம். யாரை எப்ப எடுக்கறது?

பாயான்_நைட்ஷிஃப்ட் (பினாங்கு)
4 ஆகஸ்ட் 2025

வணக்கம். பாயான் லெப்பாஸ்ல ஒரே ஃபேக்டரி, ஒரே ஷிஃப்ட்ல இருக்கற எட்டுப் பேரு சேந்து இந்த வருஷம் ஃபேன்டஸி பிரிமியர் லீக்ல டிராஃப்ட் ஆடலாம்னு முடிவு பண்ணிட்டோம். வழக்கமான ஆட்டம் எல்லாருக்கும் தெரியும்: 100 மில்லியன் பவுண்டுக்குள்ள இங்கிலாந்து லீக் ஆட்டக்காரங்க 15 பேரை ஆன்லைன்ல வாங்கறது, அவங்க நிஜ ஆட்டத்துல ஆடறதுக்கு ஏத்த மாதிரி புள்ளி, வாராவாரம் கேப்டன் வைக்கறது. ஆனா முறை வச்சு ஒவ்வொருத்தரா ஆளை எடுக்கற டிராஃப்ட் யாருக்குமே பழக்கம் இல்ல. விலையும் கிடையாது, கேப்டனும் கிடையாது, லிவர்பூலோட சாலாவை ஒருத்தர் எடுத்துட்டா மத்த ஏழு பேருக்கும் அவரு இல்லன்னு மட்டும் தெரியும்.

டிராஃப்ட் வர்ற ஞாயித்துக்கிழமை, 10ஆம் தேதி, ராத்திரி 9 மணிக்கு. யாருக்கு எத்தனாவது முறைன்னு குலுக்கல்லதான் வரும். கடைசியா வர்றவரு மே மாசம் எல்லாருக்கும் நாசி கண்டார் சாப்பாடு வாங்கித் தரணும், அதனால எல்லாரும் ரொம்பத் தீவிரமா இருக்காங்க.

சாலா, மான்செஸ்டர் சிட்டியோட ஹாலண்ட் ரெண்டு பேருமே கிடைக்கலன்னா என்ன பண்றது? கோல்கீப்பரை எப்ப எடுக்கணும்? போன வருஷப் புள்ளிகளை மேல இருந்து கீழ வரிசையாப் பாத்து எடுத்துட்டே போனா போதுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செந்தூல்_கன்னர் (கோலாலம்பூர்)
4 ஆகஸ்ட் 2025

தம்பி, முதல் ரவுண்டுல சாலா ஹாலண்ட் போயிட்டா கண்ண மூடிட்டு யோக்கரஸை எடுங்க. போர்ச்சுகல் லீக்ல போன பருவம் மட்டும் 39 கோல். ஆர்செனலுக்கு இத்தன நாளா இல்லாதது ஒரு நல்ல ஸ்ட்ரைக்கர்தான், இப்ப வந்தாச்சு. கோல்கீப்பருக்கு ஆர்செனலோட டேவிட் ராயா. போன பருவம் 13 கிளீன் ஷீட் (அணி கோலே வாங்காத ஆட்டம்), அதுக்குக் கொடுக்கற கோல்டன் க்ளவ் விருதும் வாங்கினாரு. மூணாவது ரவுண்டுலயே எடுத்துடுங்க, அப்புறம் கிடைக்க மாட்டாரு.

கெப்போங்_அக்கா (கோலாலம்பூர்)
5 ஆகஸ்ட் 2025

தம்பி, எங்க குடும்பத்துல அண்ணன் தம்பி, சித்தப்பா பசங்கன்னு எல்லாரும் சேந்து டிராஃப்ட் லீக் நடத்தறோம். கணக்கெல்லாம் நான்தான் பாக்கறது. கொஞ்சம் நீளமா எழுதறேன், ஷிஃப்ட் இடைவேளையில நிதானமாப் படிங்க.

உங்க கடைசிக் கேள்வியில இருந்து தொடங்கறேன், ஏன்னா எல்லாரும் அங்கதான் தடுமாறுவாங்க. புள்ளி வரிசைப்படி எடுத்துட்டுப் போனா போதாது. வழக்கமான ஆட்டத்துல "யாரு நிறைய புள்ளி எடுப்பாரு"ன்னு பாப்போம். டிராஃப்ட்ல பாக்க வேண்டியது, "என் முறை திரும்பி வர்றதுக்குள்ள எது தீந்துடும்"னு. தீபாவளிக்கு பட்டர்வொர்த் போற ரயிலுக்கு டிக்கெட் வாங்கறப்ப எந்த வண்டி முதல்ல நிறையும்னு பாத்துத்தானே வாங்கறோம், அதே புத்திதான் இங்கயும் வேணும்.

எட்டுப் பேரு லீக்னா கணக்கு இப்படி. முறை பாம்பு மாதிரி வளைஞ்சு போகும். முதல் ரவுண்டு 1ல இருந்து 8 வரைக்கும், ரெண்டாவது ரவுண்டு 8ல இருந்து திரும்பி 1 வரைக்கும். ஒண்ணாவது ஆளுக்கு 1, 16, 17, 32, 33ன்னு கிடைக்கும். எட்டாவது ஆளுக்கு 8, 9, 24, 25. அதாவது ரெண்டு ஓரத்துல உக்காந்திருக்கறவங்க ரெண்டு ரெண்டா எடுப்பாங்க, அடுத்து கை வைக்கறதுக்குள்ள 14 பேரு போயிடுவாங்க. இந்தப் பதினாலை மறக்காதீங்க. ஓரத்துல இருந்தா உங்களுக்குப் பிடிச்ச ஆளு "அடுத்த ரவுண்டுலயும் இருப்பாரு"ன்னு நினைக்கவே கூடாது. நடுவுல, 4 அல்லது 5 வந்தா நிம்மதியா காத்திருக்கலாம், சீக்கிரம் சீக்கிரம் முறை வரும்.

அடுத்தது, எத்தனை பேரு வேணும், எத்தனை பேரு இருக்காங்கன்னு பாருங்க. ஒரு அணிக்கு 2 கோல்கீப்பர், 5 டிஃபெண்டர், 5 மிட்ஃபீல்டர், 3 ஸ்ட்ரைக்கர். எட்டு அணிக்கு 24 ஸ்ட்ரைக்கர் வேணும். லீக்ல இருக்கறதே 20 கிளப், அதுல பாதிக்கு மேல ஒரே ஒரு ஸ்ட்ரைக்கரை வச்சு ஆடற கிளப். அதனால ஸ்ட்ரைக்கர்தான் முதல்ல வறண்டு போறது. கடைசி ரவுண்டுகள்ல உங்க கூட்டாளிங்க 80ஆவது நிமிஷம் இறங்கற பையனை எடுத்து வச்சிருப்பாங்க, பாருங்க. கோல்கீப்பர் நேர் எதிர். எட்டு அணிக்கு 16 பேரு வேணும், தினம் ஆடறவங்க 20 பேரு. கடைசி வரைக்கும் காத்திருந்தாலும் ஆடற ஒரு கோல்கீப்பர் கண்டிப்பா மிச்சம் இருப்பாரு.

அதனால கன்னர் தம்பி சொன்ன மூணாவது ரவுண்டு ராயா எனக்கு ஒத்துவரல. ராயா நல்ல கோல்கீப்பர், அதுல சந்தேகமே இல்ல. ஆனா போன பருவம் அதே 13 கிளீன் ஷீட்டோட கோல்டன் க்ளவ்வைப் பங்கு போட்டுக்கிட்டது யாருன்னு பாருங்க: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோட மாட்ஸ் செல்ஸ். அதுக்கு முந்தின பருவம் ஃபாரஸ்ட் 17ஆவது இடத்துல தப்பிப் பிழைச்ச அணி. டிராஃப்ட் அன்னைக்கு செல்ஸை யாரு மூணாவது ரவுண்டுல எடுத்திருப்பாங்க? கோல்கீப்பர்ல யாரு மேல வருவாங்கன்னு முன்கூட்டியே சொல்றது கஷ்டம், மேல இருக்கறவருக்கும் நடுவுல இருக்கறவருக்கும் வித்தியாசமும் கம்மி. மூணாவது ரவுண்டுன்னா அங்க இன்னும் கோல் போடற மிட்ஃபீல்டர் கிடைப்பாரு. அதை விட்டுட்டு கோல்கீப்பர் எடுக்காதீங்க. என் கணக்குல முதல் கோல்கீப்பர் 10ஆவது ரவுண்டுக்கு அப்புறம், ரெண்டாவது கோல்கீப்பர் கடைசி ரவுண்டுல.

இப்ப முதல் ரவுண்டு. ஒண்ணாவது முறை வந்தா சாலாதான், யோசிக்க ஒண்ணும் இல்ல. போன பருவம் 29 கோல், 18 அசிஸ்ட் (கோலுக்குப் பந்து கொடுத்தது), 344 புள்ளி. ஃபேன்டஸி பிரிமியர் லீக்ல ஒரு பருவத்துல அதுவரைக்கும் யாரும் எடுக்காத புள்ளி. அதுவும் மிட்ஃபீல்டர் கணக்குல. மிட்ஃபீல்டர் கோல் போட்டா 5, ஸ்ட்ரைக்கர் போட்டா 4 தான். அணி கோல் வாங்காம இருந்தா மிட்ஃபீல்டருக்கு இன்னும் ஒரு புள்ளி. ரெண்டாவது ஹாலண்ட். முதல் பருவம் 36 கோல், அடுத்தது 27, போன பருவம் காலில் அடிபட்டு உக்காந்த பிறகும் 22.

அந்த ரெண்டு பேரும் போயிட்டா பெனால்ட்டி யாரு அடிக்கறாங்கன்னு பாருங்க. செல்சியோட கோல் பால்மர், மான்செஸ்டர் யுனைட்டெட்டோட ப்ரூனோ ஃபெர்னாண்டஸ், ஆர்செனலோட புகாயோ சாக்கா மூணு பேருமே மிட்ஃபீல்டர், மூணு பேருமே அவங்க கிளப்புக்குப் பெனால்ட்டி அடிக்கறவங்க. அணி நல்லா ஆடாத வாரத்துலயும் இப்படிப்பட்டவங்க ஏதாவது கொண்டு வருவாங்க. யோக்கரஸை எடுக்கறது தப்புன்னு சொல்ல வரல. ஆனா போர்ச்சுகல் லீக் வேற, இங்க வேற. புது லீக்குக்கு வந்த முதல் பருவம் எல்லாருக்கும் கொஞ்சம் இழுக்கும். ரெண்டாவது ரவுண்டுல கிடைச்சா சந்தோஷமா எடுங்க.

நான் டிராஃப்டுக்கு முன்னால பண்றது இதுதான். பள்ளிக்கூட நோட்டுல நாலு பத்தி போடுவேன்: கோல்கீப்பர், டிஃபெண்டர், மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர். ஒவ்வொண்ணுலயும் பேரை எழுதிட்டு, எங்க தரம் சட்டுனு இறங்குதோ அங்க சிவப்புப் பேனாவுல ஒரு கோடு. ஸ்ட்ரைக்கர்ல ஹாலண்ட் தனியா ஒரு கோட்டுக்கு மேல. அடுத்த கோட்டுக்கு மேல நாலைஞ்சு பேரு. அதுக்குக் கீழ தினம் ஆடறவங்க, அதுக்கும் கீழ ஆடுவாங்களோ மாட்டாங்களோன்னு இருக்கறவங்க. டிராஃப்ட் நடக்கறப்ப போனவங்களை அடிச்சுட்டே வருவேன். என் முறை வர்றப்ப எந்தப் பத்தியில கோட்டுக்கு மேல ஒரே ஒருத்தர் மிச்சம் இருக்காரோ அவரை எடுப்பேன். ஒரு பத்தியில அதே தரத்துல ஆறு பேரு மிச்சம் இருந்தா அந்தப் பத்தியை அந்த ரவுண்டுல தொடவே மாட்டேன், அடுத்த முறை வர்றப்பவும் ஒருத்தராவது இருப்பாரு.

ஸ்ட்ரைக்கர் வறண்டு போகும்னு சொன்னதால மூணு பேரையும் முதல் அஞ்சு ரவுண்டுலயே எடுத்துடாதீங்க. களத்துல ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தாலே போதும், அஞ்சு மிட்ஃபீல்டரை வச்சு ஆடலாம். நான் நம்பற அளவு, முதல் ஆறு ரவுண்டுல ரெண்டு நல்ல ஸ்ட்ரைக்கர், மூணு மிட்ஃபீல்டர், ஒரு டிஃபெண்டர். மூணாவது ஸ்ட்ரைக்கர் பெஞ்சுக்கு, அவரைக் கடைசியில பாத்துக்கலாம்.

டிஃபெண்டர் பத்தி ஒரு விஷயம், இந்த வருஷம் விதி மாறிருக்கு. டிஃபெண்டர் ஒரு ஆட்டத்துல பந்தை விரட்டறது, தடுக்கறது, குறுக்க புகுந்து எடுக்கறது, டேக்கிள் எல்லாம் சேந்து 10 ஆச்சுன்னா 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் தொலைஞ்ச பந்தை மீட்கறதும் சேந்து 12 வேணும். இதனால கீழ் வரிசை அணிகளோட சென்டர் பேக்குக்கு (நடுவுல நிக்கற டிஃபெண்டர்) மதிப்பு ஏறிடுச்சு. எவர்ட்டனோட தார்க்கோவ்ஸ்கி மாதிரி நாள் முழுக்க பந்தை வெளியே அடிச்சுட்டே இருக்கறவங்களை உங்க கூட்டாளிங்க போன வருஷப் புள்ளியைப் பாத்துட்டு விட்டுடுவாங்க. 8, 9ஆவது ரவுண்டுல நீங்க எடுத்துக்கலாம். செல்சியோட காயிசெடோவும் அப்படித்தான், கோல் போடாத மிட்ஃபீல்டர்னு எல்லாரும் தாண்டிப் போவாங்க.

இன்னும் ஒண்ணு, ஆப்பிரிக்கக் கோப்பை. மொரோக்கோவுல டிசம்பர் 21ல இருந்து ஜனவரி 18 வரைக்கும் நடக்குது. பாக்சிங் டே (டிசம்பர் 26), புத்தாண்டு ஆட்டம் எல்லாம் வரிசையா வர்ற நேரம். சாலா எகிப்துக்குப் போயிடுவாரு. மான்செஸ்டர் யுனைட்டெட்டோட எம்பியூமோ கேமரூனுக்கு. கிரிஸ்டல் பேலஸோட சார், எவர்ட்டனோட என்டியாய் ரெண்டு பேரும் செனகலுக்கு. இதுக்காக சாலாவை விடச் சொல்லல. சாலாவை எடுத்தா எம்பியூமோவையும் சாரையும் சேத்து எடுக்காதீங்க. வழக்கமான ஆட்டத்துல மாத்தி வேற ஆளை வாங்கிக்கலாம், டிராஃப்ட்ல அந்த நேரம் வாங்கறதுக்கு நல்ல ஆளு யாரும் வெளியே இருக்க மாட்டாங்க.

பட்டர்வொர்த்_ரெட் (பினாங்கு)
5 ஆகஸ்ட் 2025

அக்கா சொன்னதுல எனக்கு ஒரே ஒரு இடத்துல மாற்றுக் கருத்து. முதல் ஆறு ரவுண்டுல ஒரே டிஃபெண்டர் போதும்னு சொல்றாங்க. எட்டுப் பேரு லீக்ல அது சரி. பன்னெண்டு பேரு, பதினாறு பேரு லீக்ல நான் ஆடறேன், அங்க வான் டைக், காப்ரியேல் மாதிரி கார்னர்ல தலையால முட்டிக் கோல் போடற சென்டர் பேக்கை சீக்கிரம் எடுக்கலன்னா அப்புறம் கிடைக்கறது கீழ் வரிசை அணிகளோட ஆளுங்கதான். டிஃபெண்டர் கோல் போட்டா 6 புள்ளி, கிளீன் ஷீட் 4. தம்பி லீக் அடுத்த வருஷம் பெருசானா இதை ஞாபகம் வச்சுக்கட்டும்.

புதுசா மேல வந்த லீட்ஸ், பர்ன்லி, சண்டர்லாண்ட் மூணு அணியோட டிஃபெண்டரையும் டிராஃப்ட் அன்னைக்குத் தொடாதீங்க. கடந்த ரெண்டு பருவமா மேல வந்த மூணு அணியும் அதே வருஷம் கீழ இறங்கிடுச்சு.

நட்பு ஆட்டத்தோட ஸ்கோரை நம்பாதீங்க. மே மாசம் புக்கிட் ஜாலில்ல மான்செஸ்டர் யுனைட்டெட் ஆசியான் ஆல் ஸ்டார்ஸ் கிட்ட 0-1ன்னு தோத்ததை நேர்ல பாத்தேன். அதை வச்சு ப்ரூனோவை விட்டா யாருக்கு நஷ்டம்? இப்ப நடக்கற நட்பு ஆட்டத்துல பாக்க வேண்டியது ரெண்டே விஷயம். முதல் பதினோரு பேருல யாரு இறங்கறாங்க, பெனால்ட்டி, கார்னர் யாரு அடிக்கறாங்க.

பாயான்_நைட்ஷிஃப்ட் (பினாங்கு)
6 ஆகஸ்ட் 2025

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. நோட்டுல நாலு பத்தி போட்டுட்டேன், கோடு போடற வேலைதான் நடக்குது. இன்னும் மூணு சந்தேகம்.

நியூகாசல் ஸ்ட்ரைக்கர் இசாக்கை எந்தக் கோட்டுக்கு மேல வைக்கறது? போன பருவம் 23 கோல், ஆனா நியூகாசல் சிங்கப்பூர்ல ஆர்செனலோட ஆடுனப்ப அவரு வரவே இல்ல. லிவர்பூல் போவாரா மாட்டாரான்னு தினம் ஒரு செய்தி.

டிராஃப்ட் நடக்கறப்ப எங்க தங்குமிடத்துல இன்டர்நெட் லைன் போயிடுச்சுன்னா என்ன ஆகும்?

அப்புறம் இந்த வேய்வர் (யாரும் எடுக்காத ஆளை வாராவாரம் கேட்டு வாங்கறது), அணியை அடுக்கற டெட்லைன் நேரமெல்லாம் நைட் ஷிஃப்ட்ல இருக்கறவனுக்கு எப்படிச் சமாளிக்கறது? நாங்க ராத்திரி போனை லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போகணும்.

செந்தூல்_கன்னர் (கோலாலம்பூர்)
6 ஆகஸ்ட் 2025

இசாக் நியூகாசல்லயே இருந்தாலும் கோல் போடுவாரு, லிவர்பூல் போனாலும் போடுவாரு. மூணாவது ரவுண்டுல மிச்சம் இருந்தா விடாதீங்க. ராயா விஷயத்துல அக்கா சொன்ன செல்ஸ் கணக்கு நியாயம்தான், ஒத்துக்கறேன். யோக்கரஸ் முதல் ரவுண்டுன்றதை மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

கெப்போங்_அக்கா (கோலாலம்பூர்)
6 ஆகஸ்ட் 2025

இசாக் விஷயத்துல கன்னர் தம்பி சொல்றதுதான் எனக்கும். ஒரு பருவம்ன்றது 38 வாரம். முதல் மூணு நாலு வாரம் அவரு உக்காந்திருந்தாலும் மிச்ச வாரத்துல அந்தத் தரத்துல ஆடற ஸ்ட்ரைக்கர் உங்களுக்கு வேற எங்கயும் கிடைக்க மாட்டாரு. ஆனா முதல் பிக்கா எடுக்காதீங்க, ரெண்டாவதாவும் வேணாம். அவரை எடுத்தா மத்த ரெண்டு ஸ்ட்ரைக்கரும் முதல் வாரத்துல இருந்தே கண்டிப்பா இறங்கறவங்களா இருக்கணும். ஃபாரஸ்டோட கிறிஸ் வுட் போன பருவம் 20 கோல், வயசாச்சுன்னு நிறைய பேரு தயங்குவாங்க. இசாக்குக்குத் துணையா அவரு நல்லா உக்காருவாரு.

லைன் போனா: நேரத்துக்குள்ள நீங்க எடுக்கலன்னா ஆட்டமே உங்களுக்காக ஒருத்தரை எடுத்துடும். முதல்ல உங்க வாட்ச்லிஸ்ட்டை (நீங்க முன்கூட்டியே குறிச்சு வச்ச பேரு வரிசை) பாக்கும், அதுல யாரும் மிச்சம் இல்லன்னாதான் அதோட சொந்த வரிசைக்குப் போகும். அதனால சனிக்கிழமையே வாட்ச்லிஸ்ட்டை நிரப்பிடுங்க, ஒரு அம்பது பேராவது. வரிசை முக்கியம். கோல்கீப்பர் எல்லாரையும் அடியில தள்ளுங்க. உங்க நோட்டுல கோடு எப்படியோ அப்படியே அடுக்குங்க. அன்னைக்கு ராத்திரி போன் டேட்டாவையும் தயாரா வச்சுக்கங்க, வீட்டு லைனை மட்டும் நம்பாதீங்க.

நேரக் கணக்கு உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம், அதனால விளக்கமாவே சொல்றேன். டெட்லைன் அந்த வாரத்து முதல் ஆட்டத்துக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னால. வேய்வர் அதுக்கும் 24 மணி நேரம் முன்னால. முதல் ஆட்டம் லிவர்பூல் - போர்ன்மத், 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை இங்கிலாந்துல ராத்திரி 8 மணிக்கு. நமக்கு அது சனிக்கிழமை விடியற்காலை 3 மணி. அப்போ டெட்லைன் சனிக்கிழமை விடியற்காலை ஒண்ணரை மணி, வேய்வர் வெள்ளிக்கிழமை விடியற்காலை ஒண்ணரை மணி. வியாழக்கிழமை ஷிஃப்டுக்குப் போறதுக்கு முன்னால வேய்வர் போட்டு வச்சுடணும். வெள்ளிக்கிழமை ஷிஃப்டுக்கு முன்னால பதினோரு பேரை அடுக்கிடணும். வேற வாரத்துல முதல் ஆட்டம் சனிக்கிழமை மதியம் அங்க 12.30க்குன்னா நமக்கு டெட்லைன் சனிக்கிழமை சாயங்காலம் 6 மணி, அது உங்களுக்குச் சுலபம். அக்டோபர் கடைசியில அவங்க கடிகாரத்தைத் திருப்புவாங்க, அப்புறம் நமக்கு எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப் போகும்.

வேய்வர்ன்றது, யாரு வேணும், அவருக்குப் பதிலா யாரை விடறேன்னு முன்கூட்டியே எழுதி வைக்கறது. ரெண்டு பேரு ஒரே ஆளைக் கேட்டா முன்னுரிமை வரிசையில மேல இருக்கறவருக்குப் போகும். ஒருத்தரை மட்டும் எழுதாதீங்க, மூணு நாலு பேரை வரிசையா எழுதி வைங்க, முதல் ஆளு போனா ரெண்டாவது ஆளு கிடைப்பாரு. வேய்வர் முடிஞ்சதும் மிச்சம் இருக்கறவங்களை யாரு முதல்ல தட்டறாங்களோ அவங்களுக்கு. அந்த நேரத்துல உங்க போன் லாக்கர்ல இருக்கும், ஆனா உங்க எட்டுப் பேரு போனும் அங்கதானே இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில ஷிஃப்ட் முடிஞ்சு பசியாறறதுக்கு முன்னால பட்டியலை ஒரு தடவை பாத்துடுங்க.

டிராஃப்ட்ல கடைசி நாலு பிக் எல்லாம் இந்த வேலைக்குத்தான். ரெண்டாவது கோல்கீப்பர், அஞ்சாவது டிஃபெண்டர், இவங்களை வாராவாரம் ஆட்டம் யாரு கூடன்னு பாத்து மாத்திட்டே இருங்க, அவங்க மேல பாசம் வைக்காதீங்க. முதல் நாலு பிக்ல எடுத்தவங்களை மட்டும் ரெண்டு மூணு வாரம் புள்ளி வரலன்னு விட்டுடாதீங்க, நீங்க விட்ட அடுத்த நிமிஷமே ஏழு பேரும் கண்ணு வச்சிருப்பாங்க. முதல் மாசத்துல யாராவது "மாத்திக்கலாமா"ன்னு கேட்டு வந்தா, ஏன் கேக்கறாங்கன்னு ஒரு நாள் யோசிச்சுட்டுப் பதில் சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை குலுக்கல்ல எத்தனாவது முறை வந்துச்சுன்னு இங்க எழுதுங்க. 9 மணிக்கு நானும் இருப்பேன், முதல் ரவுண்டு முடிஞ்சதும் யாரு யாரு போயிட்டாங்கன்னு போடுங்க, ரெண்டாவதுக்குச் சேந்து பாக்கலாம்.